லாக் ஃபைலுக்குள் பாஸ்வேர்டு எப்படிப் போகிறது?

சில வருடங்களுக்கு முன், ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "நாலு தடவை சரியாத்தாங்க போடுறேன், உள்ளேயே விட மாட்டேங்குது" என்று புகார் சொன்னார். கஸ்டமர் கேரில் இருந்த பெண் அதை எனக்கு அனுப்பினார். சர்வரின் லாக் ஃபைலைத் திறந்து, அவருடைய மொபைல் எண்ணை வைத்துத் தேடினேன். ஒரு வரி வந்து நின்றது. கிட்டத்தட்ட இப்படி:

18:42:07 லாகின் தோல்வி | மொபைல்: 98XXXXXXXX | பாஸ்வேர்டு: "........ "

நான் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் முழு பாஸ்வேர்டும் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர், அதையடுத்து நான்கு இலக்கத்தில் ஒரு வருடம். மகள் பெயராக இருக்கலாம். கடைசியில் மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி. அவருடைய போன் கீபோர்டு பெயரை முடித்துக் கொடுக்கும்போது ஒரு ஸ்பேஸையும் சேர்த்துவிட்டிருந்தது. இரண்டே நிமிடத்தில் புகார் தீர்ந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் குடும்பத்தில் யாரோ ஒருவரின் பெயரும் அவருடைய கணக்கின் சாவியும் இப்போது எனக்குத் தெரியும். அதே பாஸ்வேர்டை அவர் மெயிலுக்கும் வைத்திருக்கக்கூடும். நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். அந்த ஃபைலை என்னைப் போல இன்னும் எத்தனை பேர் திறக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினைந்தைத் தாண்டியது.

லாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் வந்தார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, வண்டி எண் என்ன என்று அதில் எழுதுவார்கள். சர்வரில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளும் அப்படியொரு நோட்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. இன்னார் லாகின் செய்தார், பணம் கட்டும் இடத்தில் எரர் வந்தது, டேட்டாபேஸ் மூன்று வினாடி தாமதித்தது என்று வரி வரியாக. ராத்திரி இரண்டு மணிக்கு ஆப் விழுந்தால் என்ன நடந்தது என்று சொல்ல இந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி. அதனால் லாக் எழுதாதே என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

ஆனால் வாசல் நோட்டில், "மூன்றாம் மாடி வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே" என்று யாராவது எழுதி வைத்தால்? அடுத்து கையெழுத்துப் போட வருகிற கூரியர்காரரும் பால்காரரும் அதைப் படிப்பார்கள். அவர்கள் திருடர்கள் என்பதல்ல விஷயம். அந்த நோட்டு பலர் கைபடுவதற்காக வைக்கப்பட்டது. சாவியின் இடம் அதில் இருக்கக் கூடாது.

பாஸ்வேர்டு மட்டும்தான் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். ஓடிபி, எம்பின், இன்னொரு சேவையை அழைக்கும் ஏபிஐ கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, லாகின் ஆனபின் பிரவுசருக்குத் தரப்படும் செஷன் டோக்கன் எல்லாம் இதே வகைதான். டோக்கன் ஒருவிதத்தில் பாஸ்வேர்டைவிட ஆபத்தானது. அதை வைத்திருப்பவர் யாரென்று சர்வர் பெரும்பாலும் மறுபடி கேட்பதில்லை. கையில் டிக்கெட் இருந்தால் பஸ்ஸில் ஏறலாம், அவ்வளவுதான்.

பெரிய இடங்களிலும் நடந்தது

2018 மே 3 அன்று ட்விட்டர், அதாவது இன்றைய எக்ஸ், தன் பயனர்கள் எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளும்படி கேட்டது. அப்போது அதில் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் இருந்தார்கள். யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. நடந்தது இதுதான்.

எந்தப் பொறுப்பான நிறுவனமும் பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காது. பிகிரிப்ட் போன்ற ஒரு கணக்கீட்டில் அதை அரைத்து, திரும்பப் பிரிக்க முடியாத ஓர் எழுத்துக்கோவையாக மாற்றி, அதை மட்டும் வைத்துக்கொள்ளும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதது போல. இதற்கு ஹாஷ் என்று பெயர். ட்விட்டரும் முறையாக அப்படித்தான் செய்தது. ஆனால் அரைத்து முடிப்பதற்கு முன்பே பாஸ்வேர்டை உள்ளே இருந்த ஒரு லாக்கில் எழுதிவிடுகிற பக் (நிரல் பிழை) ஒன்று இருந்தது. தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். இருந்தும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அதே வாரத்தில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பும் இதே மாதிரி ஒரு பக் பற்றி, பாதிக்கப்பட்ட சிறு எண்ணிக்கையிலான பயனர்களுக்கு மெயில் அனுப்பியது.

2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கின் முறை. பத்திரிகையாளர் ப்ரையன் கிரெப்ஸ் வெளியிட்ட செய்தியின்படி 20 கோடியிலிருந்து 60 கோடி வரையான பயனர்களின் பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாக உள் லாக்குகளில் கிடந்தன. சில 2012 வரை பின்னோக்கிப் போயின. 20,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவற்றைத் தேடக்கூடிய நிலையில் இருந்தார்கள். இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இந்த மூன்று இடங்களிலும் இருந்தவர்கள் தேர்ந்த பொறியாளர்கள். பெட்டகம் நன்றாகத்தான் இருந்தது. பெட்டகத்துக்குக் கொண்டுபோகும் வழியில், உள்ளே இருந்த பொருளை இன்னொரு கை குறித்துக்கொண்டது. ஒரு சிறு கம்பெனியில் நமக்கு நடக்காது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

எந்த வழியில் உள்ளே வருகிறது

யாரும் உட்கார்ந்து, "பாஸ்வேர்டை லாக்கில் எழுது" என்று கோடு (நிரல்) எழுதுவதில்லை. "வந்ததை முழுசா எழுது" என்றுதான் எழுதுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் லாகின் பக்கத்தில் ஒரு பக்கைத் துரத்துகிறார். என்ன வருகிறது என்று பார்க்க, பயனரிடமிருந்து வந்த ரெக்வெஸ்டை (கோரிக்கையை) அப்படியே பிரிண்ட் செய்ய ஒரு வரி போடுகிறார். பக் கிடைத்துவிடுகிறது. அந்த வரி அங்கேயே தங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸோடு அது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வருக்கு, அதாவது ப்ரொடக்‌ஷனுக்குப் போகிறது. எங்கள் லாகின் வரியும் இப்படி வந்ததுதான். மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தபோது, அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

இதன் நுட்பமான வடிவம் இன்னும் மோசம். 'பயனர்' என்று ஓர் ஆப்ஜெக்ட், அதாவது நிரலுக்குள் ஒன்றாகக் கட்டிவைத்த தகவல் தொகுப்பு. அதில் பெயர், மெயில், ஊர். அதை முழுதாக லாக் செய்யும் வரி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அதில் எந்தத் தவறும் இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே ஆப்ஜெக்டில் ரீசெட் டோக்கன் என்று ஒரு புது ஃபீல்டு சேர்க்கிறார். லாக் எழுதும் வரியை அவர் பார்க்கவே இல்லை. அடுத்த நாளிலிருந்து டோக்கன் லாக்கில் விழுகிறது. ஜாவா மொழியில் ரெக்கார்டு, பைத்தான் மொழியில் டேட்டாகிளாஸ் போன்றவை தம்மிடம் உள்ள எல்லா ஃபீல்டையும் கேட்டவுடன் எழுத்தாகக் கொட்டிவிடும். வசதிக்காக வைத்தது அது. இங்கே அந்த வசதிதான் வழி.

அடுத்தது யூஆர்எல். முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு டோக்கனை ஒட்டி அனுப்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. "இந்த லிங்கை அழுத்தி பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று வரும் மெயில் நல்ல உதாரணம். யூஆர்எல் எங்கெல்லாம் எழுதப்படும் என்று யோசியுங்கள். எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி போன்ற வெப் சர்வர்கள் வழக்கமான அமைப்பிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து ஆக்ஸஸ் லாக்கில் எழுதும். நடுவில் இருக்கும் ப்ராக்ஸி எழுதக்கூடும். பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கும். நீங்கள் ஒரு வரிகூட லாக் கோடு எழுதாமலே ரகசியம் மூன்று இடத்தில் பதிவாகிவிடும். டோக்கனை யூஆர்எல்லில் அனுப்பாதீர்கள் என்று 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6750 என்ற இணையத் தர ஆவணமே எச்சரிக்கிறது. ரெக்வெஸ்டோடு, ஆனால் முகவரிக்கு வெளியே போகும் ஹெடரில் அனுப்புவதுதான் முறை. மெயில் லிங்கில் வேறு வழியில்லை என்றால், அந்த டோக்கன் ஒரே தடவை செல்லுபடியாகட்டும், சில நிமிடங்களில் காலாவதியாகட்டும்.

எரர் செய்திகளும் உண்டு. டேட்டாபேஸோடு இணைய முடியாதபோது, இணைக்க முயன்ற முகவரியை முழுதாக எழுதும் நிரல்கள் இருக்கின்றன. அந்த முகவரிக்குள்ளேயே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உட்கார்ந்திருக்கும். அப்புறம், எல்லாவற்றையும் விரிவாக எழுதும் டீபக் லெவலைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு மூட மறப்பது.

எழுதியபின் அது எங்கே போகிறது

புதியவர்கள் பலரும் லாக் என்பது சர்வரின் ஒரு மூலையில் கிடக்கும் ஃபைல் என்று நினைக்கிறார்கள். இன்று அப்படி இல்லை. பத்து சர்வர்களின் லாக்கும் ஒரு மைய இடத்துக்கு ஓடி, அங்கே தேடுவதற்கு வாகாக அடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அந்த மைய இடம் இன்னொரு நிறுவனத்தின் கிளவுட். அங்கிருந்து பேக்கப். டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட், ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும் பார்க்க அனுமதி, ஏனென்றால் அவர்கள் வேலையே அதைப் பார்ப்பதுதான். அதில் ஒருவர் நாற்பது வரியை வெட்டி டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒட்டி, "இது என்ன எரர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார். இப்போது அதே நாற்பது வரியை ஏஐ சாட்டிலும் ஒட்டுகிறார்கள்.

இந்தியாவில் இன்னொன்றும் சேர்கிறது. 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். தாக்குதல்களை விசாரிக்க அது தேவையான விதி. ஆனால் இன்று தவறி உள்ளே விழுந்த பாஸ்வேர்டும் அதோடு சேர்ந்து ஆறு மாதம் உயிரோடு இருக்கும். "லாக் எப்படியும் அழிந்துவிடும்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

தடுக்க என்ன செய்யலாம்

என் வாடிக்கையாளர் கதைக்கே வருகிறேன். அந்த லாக் வரி எனக்கு உண்மையில் உதவியதே என்று நீங்கள் கேட்கலாம். உதவியது. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது பாஸ்வேர்டு அல்ல. "முடிவில் இடைவெளி இருக்கிறது" என்ற ஒரு செய்திதான். லாக்கில் 'முடிவில் இடைவெளி: ஆம்' என்று மட்டும் இருந்திருந்தாலும் அதே இரண்டு நிமிடத்தில் தீர்த்திருப்பேன். இன்றைக்கும் லாக் வரி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் யோசிக்கிறேன்: இந்த மதிப்பு வேண்டுமா, அல்லது இந்த மதிப்பைப் பற்றிய ஒரு உண்மை போதுமா? டோக்கன் வந்ததா இல்லையா, காலாவதியாகிவிட்டதா, யாருக்குக் கொடுத்தது. பெரும்பாலும் இவை போதும்.

இதிலிருந்து இரண்டாவது பழக்கம் வருகிறது. எதை மறைப்பது என்று பட்டியல் போடாமல், எதை எழுதுவது என்று பட்டியல் போடுங்கள். முழு ரெக்வெஸ்டையும் எழுதிவிட்டு அதில் பாஸ்வேர்டை அழிக்கிறேன் என்றால், நாளை வரப்போகும் புது ஃபீல்டு உங்கள் பட்டியலில் இருக்காது. பயனர் எண், செயல், முடிவு, நேரம் என்று நான்கை மட்டும் எழுதினால் புது ஃபீல்டு தானாகவே வெளியே நிற்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரகசியத்தை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளாமல் ஒரு உறைக்குள் போட்டு வைப்பது. பைத்தானில் பைடான்டிக் நூலகம் தரும் 'சீக்ரெட் ஸ்ட்ரிங்' வகை இப்படித்தான் வேலை செய்கிறது. அதை யாராவது பிரிண்ட் செய்தால் வெறும் நட்சத்திரக் குறிகள்தான் வரும். உண்மையான மதிப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு அழைப்பு எழுத வேண்டும். கோ மொழியின் லாக் நூலகத்திலும், ஒரு வகை தன்னை லாக்கில் எப்படிக் காட்ட வேண்டும் என்று தானே சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. இதன் அழகு என்னவென்றால், கவனக்குறைவாக எழுதப்பட்ட வரிகூடப் பாதுகாப்பானதாகிவிடுகிறது. களைத்துப்போன மனிதர் ராத்திரி பதினொரு மணிக்குச் செய்யும் தவறை, அவருடைய நினைவாற்றலை நம்பாமல் தடுக்கிறது. நினைவாற்றலை நம்பிய எந்த ஏற்பாடும் எனக்குத் தெரிந்து நீடித்ததில்லை.

இதற்குப் பிறகுதான் வடிகட்டி. வெப் ஆப் எழுத உதவும் ரெயில்ஸில் ஃபீல்டு பெயரைப் பார்த்து மதிப்பை மறைக்கும் வசதி உடன் வருகிறது. ஜாங்கோவிலும் எரர் அறிக்கையில் எதையெல்லாம் மறைப்பது என்று குறிக்க வழி உண்டு. மதிப்பின் வடிவத்தை வைத்தும் பிடிக்கலாம். அமேசான் கிளவுட்டின் நீண்டகால கீயின் அடையாள எண் ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். கிட்ஹப் 2021-இல் தன் டோக்கன்களுக்கு முன்னொட்டு வைத்ததற்கு, கசிந்தவற்றைச் சுலபமாகக் கண்டுபிடிப்பதும் ஒரு காரணம். வடிகட்டியைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 'பாஸ்வேர்டு' என்ற பெயரைத் தேடும் வடிகட்டிக்கு, நம் ஊர் பேமென்ட் ஆப்பில் 'எம்பின்' என்று பெயர் வைத்த ஃபீல்டு கண்ணில் படாது.

வடிகட்டி எங்கே தோற்கும் என்பதற்கு 2025 மார்ச்சில் ஒரு பாடம் கிடைத்தது. கிட்ஹப்பில் 23,000-க்கும் அதிகமான நிரல் களஞ்சியங்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' தொகுப்பின் ஒரு கருவிக்குள் யாரோ விஷமக் கோடு புகுத்தினார்கள். பில்டு (நிரலைத் தானாகத் தயாரித்துச் சோதிக்கும் வேலை) ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் ரகசியங்களை அது பில்டு லாக்கில் எழுதியது. திறந்த மூலத் திட்டங்களின் பில்டு லாக்கை உலகில் யாரும் பார்க்கலாம். தனக்குத் தெரிந்த ரகசியம் லாக்கில் வந்தால் கிட்ஹப் அதை நட்சத்திரமாக்கிவிடும். ஆனால் அதே எழுத்து அப்படியே வந்தால்தான். இங்கே ரகசியங்கள், எழுத்தை வேறு எழுத்துக்கோவையாக மாற்றும் பேஸ்64 முறையில் இரண்டு தடவை உருமாற்றி எழுதப்பட்டன. முகமூடிக்கு அடையாளம் தெரியவில்லை.

"சரி, ஹாஷ் செய்து லாக்கில் எழுதலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நீளமான, ஊகிக்க முடியாதபடி ரேண்டமாக உருவாக்கப்பட்ட டோக்கனுக்குச் சரி. இரண்டு வரிகளில் வருவது ஒரே டோக்கன்தானா என்று ஒப்பிட உதவும். ஓடிபிக்கு வேண்டவே வேண்டாம். ஆறு இலக்கத்தில் மொத்தமே பத்து லட்சம் சாத்தியங்கள். பத்து லட்சத்தையும் ஹாஷ் செய்து பொருத்திப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்கு அதிக நேரம் ஆகாது. மொபைல் எண்ணுக்கும் இதே கதைதான்.

கசிந்துவிட்டால்

முதலில் சாவியை மாற்றுங்கள். லாக்கை அழிப்பது முதல் வேலை அல்ல, பலரும் பதற்றத்தில் அதைத்தான் செய்கிறார்கள். பேக்கப்பிலும் யாரோ ஒருவரின் டவுன்லோடு ஃபோல்டரிலும் இருக்கும் பிரதியை நீங்கள் அழிக்க முடியாது. ஆனால் ஏபிஐ கீயை மாற்றிவிட்டால் அந்தப் பிரதிகளில் இருப்பது வெறும் எழுத்து. டோக்கன்களைச் செல்லாததாக்குங்கள், பயனர் பாஸ்வேர்டு என்றால் மாற்றச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். பிறகு அந்த லாக்கை யாரெல்லாம் திறந்தார்கள் என்று பாருங்கள். அந்தத் தடயத்தையும் சேர்த்து அழித்துவிட்டால் கேள்விக்கு விடையே கிடைக்காது. செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டிய வகைச் சம்பவம் என்றால், தெரிய வந்ததிலிருந்து ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. கோடைத் திருத்துவதும், லாக்கில் அந்த மதிப்பை மட்டும் நீக்குவதும் இதற்கெல்லாம் பிறகு.

எங்கள் அலுவலகத்தில் அன்று அந்த லாகின் வரியை நீக்கினோம். முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுவாரம் சோதிப்பதற்காக, வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு பொய் பாஸ்வேர்டை உருவாக்கினோம்: கத்தரிக்காய், ஓர் எண், மறுபடி கத்தரிக்காய். டெஸ்ட் சர்வரில் அதை வைத்து லாகின் செய்தோம், தவறாக லாகின் செய்தோம், பாஸ்வேர்டை மாற்றினோம், டேட்டாபேஸை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே எரர் வரவைத்தோம். பிறகு எல்லா இடத்திலும் அந்த ஒரு சொல்லைத் தேடினோம். இதை நீங்களும் ஒரு மதிய நேரத்தில் செய்துவிடலாம். ஒவ்வொரு ரிலீஸுக்கும் தானாக ஓடும் டெஸ்டாகவும் மாற்றிவிடலாம்.

கத்தரிக்காய் மூன்று இடத்தில் கிடைத்தது. சர்வருக்கு முன்னால் நின்று ரெக்வெஸ்ட்களை வாங்கி உள்ளே அனுப்பும் கேட்வே, ரெக்வெஸ்ட் முழுவதையும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. எரர்களைச் சேகரிக்கும் கருவி, எரர் வந்த நொடியில் ஃபங்ஷனுக்குள் இருந்த எல்லா மதிப்புகளையும் எடுத்துவைத்திருந்தது. மூன்றாவது எங்கள் இன்பாக்ஸ். எரர் வந்தால் எச்சரிக்கை மெயில் போகும்படி எப்போதோ அமைத்திருந்தோம். அதன் அடியில் முழு ரெக்வெஸ்டும் ஒட்டியிருந்தது. பதினொரு பேருக்கு அது போயிருந்தது, அதில் இருவர் அப்போது எங்கள் நிறுவனத்திலேயே இல்லை.